எழுத்துக்குக் காவல் நின்ற பெண்மணி

எங்கள் அவலாஞ்சியில் மழை பிடித்துக் கொண்டால் லேசில் விடாது. துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. தீப்பெட்டியைக் கூட அடுப்பு மேடையின் ஓரமாக, சூடு படுகிற இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அதிலும் 2019 ஆகஸ்டில் பெய்த மழையைப் பற்றிச் செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல்! சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல், எங்களுக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியுமாகக் கொட்டித் தீர்த்தது.

மண் சரிந்து பாதை அடைபட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. என் கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. அணையில் தண்ணீர் ஏறிக் கொண்டிருந்த நேரம், அவர் வீட்டுக்கே வரவில்லை. பெரியவள் ஒரு பக்கம், அப்போது 5 வயதான என் பையன் ஒரு பக்கம், நடுவில் நான், ஒரு மெழுகுவர்த்தி. தகரக் கூரையில் விழுகிற சத்தம் கேட்டு சின்னவன் அழுகையை நிறுத்தவே இல்லை.

என்ன செய்வது? ஒரு கதை கட்டினேன். எங்கள் ஏரியில் ஒரு டிரவுட் மீன்குஞ்சு. மழை என்றாலே அதற்குப் பயம். அம்மா மீன் சொல்கிறது, “பயமா இருந்தா ஒவ்வொரு துளியா எண்ணுடா கண்ணு” என்று. குஞ்சும் எண்ணுகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு... எண்ணி எண்ணித் தூங்கியே போகிறது. காலையில் கண் விழித்தால் ஏரி பெரிதாகியிருக்கிறது. “நீ எண்ணின துளியெல்லாம் எங்கேயும் போகலை, பாரு, உன் வீட்டைப் பெரிசாக்கியிருக்கு” என்கிறது அம்மா மீன்.

அவ்வளவுதான் கதை. பையன் முப்பது வரை எண்ணுவதற்குள் தூங்கிவிட்டான். அந்த வாரத்தில் ஏழு ராத்திரியும் அதே கதைதான். பிறகு, மறந்து போய்விடக் கூடாதே என்று, பால் கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்கு எதிர்ப்பக்கம் முழுசையும் எழுதி வைத்தேன்.

யாரோ ஒருவர் பெயரில் நம் மீன்குஞ்சு

அடுத்த வருஷம் எங்கள் தாய்மார்கள் சிலர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்துக் கொண்டோம். குழந்தைக்குச் சளி என்றால் என்ன கொடுப்பது, எந்த மாவில் கஞ்சி காய்ச்சுவது என்று பேசிக் கொள்வோம். அதில் ஒருநாள் இந்தக் கதையையும் தட்டிப் போட்டேன். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். கதை அங்கிருந்து எங்கெங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

சில வருஷம் கழித்து ஒரு மலர் கைக்கு வந்தது. எந்த மலர், யார் போட்டது என்பது இங்கே வேண்டாம். பையன்தான் புரட்டிக் கொண்டிருந்தான். திடீரென்று, “அம்மா, இது நம்ம மீன்குஞ்சு கதைதானே?” என்றான். ஆமாம், அதேதான். ஏரியைக் குளம் என்று மாற்றியிருந்தார்கள். மற்றபடி, “உன் வீட்டைப் பெரிசாக்கியிருக்கு” என்பது வரை வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. மேலே வேறொருவர் பெயர்.

“அப்ப நீ அவங்க கதையைத்தான் எனக்குச் சொன்னியா?” என்று கேட்டானே பார்க்க வேண்டும்! அந்தக் கேள்விதான் சகோதரிகளே, எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இவரிடம் சொன்னேன். “விடு, ஒரு கதைதானே. காசா பணமா?” என்றார். தப்பாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நான் பத்தாவது தாண்டிப் பன்னிரண்டோடு படிப்பை நிறுத்தியவள். சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே அழிந்து போகிற வேலை. எனக்கென்று நான் செய்து, அழியாமல் நின்ற ஒரே பொருள் அந்தக் கதை. அதற்கும் வேறு பெயரா?

மகள் கோவையில் சட்டம் படிக்கிறாள். அன்றிரவு போனில் அழாத குறையாக அவளிடம் சொன்னேன். அவள் முழுசும் கேட்டுவிட்டு, “அம்மா, நீ அன்னிக்கு எங்களுக்குக் கதை சொன்னே இல்ல? இன்னிக்கு நான் உனக்கு ஒண்ணு சொல்றேன். நிஜக் கதை. அமெரிக்காவில் பார்பரா ரிங்கர்னு ஒரு அம்மா இருந்தாங்க” என்று ஆரம்பித்தாள்.

31 வருஷம் ஒரே ஆபீசுக்காக

எழுதியவர், பாடியவர், வரைந்தவர் ஆகியோருக்குத் தம் படைப்பின் மேல் இருக்கிற உரிமையைப் பதிப்புரிமை என்கிறார்கள். காப்பிரைட் என்று புத்தகத்தின் உள்பக்கத்தில் பார்த்திருப்போமே, அதுதான். அமெரிக்காவில் இதைக் கவனிப்பதற்கென்றே தலைநகர் வாஷிங்டனில், அந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் பெரிய நூலகத்தோடு சேர்ந்த ஒரு அலுவலகம் இருக்கிறது. அதன் தலைவருக்குப் பதிப்புரிமைப் பதிவாளர் என்று பெயர்.

பார்பரா ரிங்கர் 1925-ல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் சட்டம் படித்தவர். பெண்கள் சட்டக் கல்லூரிப் படியேறுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. ரிங்கர் 1949-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். அதே வருஷம் இந்த அலுவலகத்தில், வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தார். இன்றைக்கு ஒரு நாவல், நாளைக்கு ஒரு பாட்டு, அதற்கடுத்த நாள் ஒரு வரைபடம் என்று மேஜை நிறையக் காகிதம். யாருடைய படைப்பு, எப்போது வெளியானது, விண்ணப்பம் சரியா என்று பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு வாசலில் மாலையோடு யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் அந்த மேஜையில் இருந்துகொண்டுதான் சட்டத்தில் எங்கே ஓட்டை என்று அவர் கண்டுகொண்டார்.

அப்போது அங்கே நடைமுறையில் இருந்தது 1909-ல் போட்ட சட்டம். அதன்படி ஒரு புத்தகம் வெளியானால் 28 வருஷத்துக்குத்தான் உரிமை. அந்த 28-வது வருஷத்திலேயே மறுபடி விண்ணப்பம் போட்டால் இன்னொரு 28 வருஷம். போட மறந்தால்? எல்.ஐ.சி. பாலிசி லேப்ஸ் ஆகிற மாதிரிதான், உரிமை போச்சு! அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சுப் போட்டுக் காசு பார்க்கலாம். எழுதியவர் உயிரோடு பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

எத்தனை பேருக்கு 28 வருஷம் முன்னால் வெளியானதன் தேதி நினைவிருக்கும்? ரிங்கர் இதை ஆராய்ந்து 1960-ல் ஓர் அறிக்கை எழுதினார். பதிவு செய்தவற்றில் நூற்றுக்குப் பதினைந்து கூடப் புதுப்பிக்கப்படவில்லை என்று அதில் காட்டினார். தனி ஆள் என்ன, பெரிய கம்பெனிகளே கோட்டை விட்டன. 1946-ல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்ற பிரபல ஹாலிவுட் படத்தை 1974-ல் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். டெலிவிஷன் நிலையங்கள் எல்லாம் இஷ்டத்துக்குப் போட்டுக் காட்டின.

இந்தச் சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று 1955 வாக்கில் முயற்சி தொடங்கியது. தொடங்கியதே தவிர லேசில் முடிந்ததா? கூட்டுக் குடும்பத்தில் சொத்துப் பிரிக்கிற கதைதான். பதிப்பாளர் ஒரு பக்கம் இழுப்பார், எழுத்தாளர் ஒரு பக்கம் இழுப்பார். சினிமாக்காரர்கள், இசைத்தட்டுக் கம்பெனிகள், கேபிள் டெலிவிஷன், பள்ளிக்கூட ஆசிரியர்கள், நூலகங்கள் என்று ஆளுக்கு ஒரு நியாயம். எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, வரைவு எழுதி, அது நிராகரிக்கப்பட்டு, மறுபடி எழுதி என்று 21 வருஷம். அத்தனை வருஷமும் அந்த வேலையின் நடுவில் இருந்தவர் பார்பரா ரிங்கர்.

தனக்கே ஒரு வழக்கு

இதற்கு நடுவில் அவருக்கே ஒரு சோதனை வந்தது. 1971-ல் பதிவாளர் ஓய்வு பெற்றார். 22 வருஷ அனுபவம், உதவிப் பதிவாளர் பதவி, புதுச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் அத்துப்படி. அடுத்து இவர்தான் என்று யாருமே நினைப்பார்கள் அல்லவா? நாற்காலி ஓர் ஆணுக்குப் போயிற்று.

நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு சமயத்தில் வாயை மூடிக் கொண்டு வந்திருக்கிறோம்! ரிங்கர் அப்படி விடவில்லை. முறையாகப் புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது. பெண் என்பதாலும், அந்த நூலகத்தில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களுக்கு நியாயம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர் என்பதாலும்தான் அவரை ஒதுக்கினார்கள் என்று விசாரித்த அதிகாரி சொன்னார். கோர்ட்டுக்கும் போனார். விதிமுறைப்படி அந்த நியமனம் நடக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. 1973 நவம்பரில் அமெரிக்காவின் எட்டாவது பதிப்புரிமைப் பதிவாளராக அவர் பொறுப்பேற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

வழக்கு நடந்த அந்த இரண்டு வருஷமும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு மூலையில் உட்காரவில்லை. பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோவின் பதிப்புரிமைப் பிரிவுக்கு 1972-லிருந்து தலைமை வகித்தார். இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தச் சமயத்தில் நம் நாடு உள்பட வளரும் நாடுகள் எல்லாம், “எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தை மொழிபெயர்க்கவும் அச்சிடவும் சுலபமான வழி வேண்டும்” என்று கேட்டு வாதாடி வந்தன. அதற்காகத்தான் 1971-ல் பாரிஸில் உலக ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன.

பதவிக்கு வந்த மூன்றாம் வருஷம் அந்த 21 வருஷப் பாடு பலித்தது. 1976 அக்டோபர் 19-ல் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1978 ஜனவரி 1 முதல் அமல். அதன் முக்கியமான சங்கதி என்ன தெரியுமா? காகிதத்தில் எழுதிய அந்தக் கணமே எழுத்து எழுதியவருடையது. புதிய படைப்புகளுக்கு 28-வது வருஷத்தில் விண்ணப்பம் என்ற கெடு இல்லை. எழுதியவர் ஆயுள் முழுக்கவும், அதற்கு மேல் 50 வருஷம் வாரிசுகளுக்கும் உரிமை. பிற்பாடு 1998-ல் அதை 70 வருஷமாக்கினார்கள். வறுமையில் அடிமாட்டு விலைக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டவர், 35 வருஷம் கழித்து அதைத் திரும்பக் கேட்கவும் ஒரு வழி வைத்தார்கள். அதே சட்டம், வகுப்பில் பாடம் சொல்லவும், ஆராய்ச்சிக்கும், விமர்சனத்துக்கும் நியாயமான அளவு எடுத்தாள்வது குற்றமில்லை என்றும் எழுத்தில் சொன்னது. எழுதுகிறவருக்கும் பாதுகாப்பு, படிக்கிற குழந்தைக்கும் வழி!

1977-ல் அரசு ஊழியர்களுக்கு ஜனாதிபதி பெயரில் வழங்கப்படும் உயர்ந்த விருதை அவருக்குக் கொடுத்தார்கள். 1980-ல் ஓய்வு பெற்றார். 1993-ல் அந்த அலுவலகத்தில் தலைவர் இல்லாமல் போனபோது மறுபடி கூப்பிட்டார்கள்; போய்க் கொஞ்ச காலம் பார்த்துக் கொடுத்தார். 1994-ல் அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக் கொண்டவரும் ஒரு பெண்தான். மேரிபெத் பீட்டர்ஸ். 1966-ல் அதே அலுவலகத்தில் இசைப் படைப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். 2010 வரை 16 வருஷம் பதிவாளராக இருந்தார். ஒருத்தி வழக்குப் போட்டுத் திறந்த கதவு வழியாக அடுத்தவள் சும்மா நடந்து போனாள் பாருங்கள்! ரிங்கர் 2009 ஏப்ரலில், தம் 83-வது வயதில் காலமானார்.

மகள் இதைச் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் ஊர்க் கதை

இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தது, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வீட்டுக் கதையையே எடுத்துக் கொள்ளுங்களேன். 1921-ல் மகாகவி பாரதியார் மறைந்தார். அவர் எழுத்தை அச்சில் கொண்டுவர செல்லம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. பாட்டுகளின் உரிமை பிறகு கை மாறிக் கை மாறிப் போயிற்று. அச்சிடும் உரிமை ஒருவரிடம், இசைத்தட்டு உரிமை இன்னொருவரிடம் என்றானது. ஊரே பாடும் பாட்டுக்கு இப்படி ஒரு பூட்டா என்று மக்கள் கேட்டார்கள். 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமைகளை எடுத்துக் கொண்டது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த இசை உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பின்னர் 1955-ல் பாரதி பாட்டு எல்லோருக்கும் பொதுச் சொத்தானது. இன்று நம் குழந்தை பள்ளி விழாவில் தடையில்லாமல் அதைப் பாடுகிறது.

நம் நாட்டுக்கென்று பதிப்புரிமைச் சட்டம் வந்தது 1957-ல்; அமலுக்கு வந்தது 1958 ஜனவரி 21. கவனித்தீர்களா? எழுதியவுடனே உரிமை, ஆயுளுக்குப் பிறகும் 50 வருஷம் என்பதை அமெரிக்காவுக்கு முன்னாலேயே நம்மவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். 1992-ல் அதை 60 வருஷம் ஆக்கினார்கள். 1941-ல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடியப் போகிறதே என்ற கவலையும் அதற்குக் காரணம். 2012-ல் செய்த திருத்தத்தால் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும், அந்தப் பாட்டு வானொலியிலும் மற்ற இடங்களிலும் ஒலிக்கும்போது ராயல்டியில் பங்கு உண்டு என்றாயிற்று. பார்வையற்றோர் படிப்பதற்கு ஏற்றபடி புத்தகங்களை மாற்றிக் கொடுக்க வழி செய்யும் மாரகேஷ் ஒப்பந்தம் இருக்கிறதே, அதை 2014-ல் உலகத்திலேயே முதலில் உறுதி செய்து ஏற்றுக் கொண்ட நாடும் நம் நாடுதான்.

நாம் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டியவை

மகளிடம் துருவித் துருவிக் கேட்டுப் பால் நோட்டிலேயே குறித்துக் கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

1. நீங்கள் சொந்தமாக எழுதிய கதை, கவிதை, கட்டுரை, வரைந்த படம் எல்லாவற்றுக்கும் அந்தக் கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் என்பதில்லை.

2. பதிவு செய்தால் பின்னால் தகராறு வரும்போது நல்ல சாட்சி. தில்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் மூலமே விண்ணப்பிக்கலாம். ஓர் எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். விண்ணப்பத்துக்கு ஒரு டைரி எண் கொடுத்து, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருந்து, அதன் பிறகுதான் பரிசீலிப்பார்கள்.

3. பதிவு செய்யாவிட்டாலும், எழுதியதும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். பத்திரிகைக்கு அனுப்பினால் மூலப் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

4. வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது. அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. சாம்பாருக்கு இன்னின்ன சாமான் என்ற பட்டியல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்கள் உங்கள் நடையில் எழுதிய சமையல் குறிப்பை அப்படியே இன்னொருவர் தம் பெயரில் போடக் கூடாது.

5. உரிமையை யாருக்காவது கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்தும் வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் சொல்லவில்லையென்றால் 5 வருஷம் என்றே சட்டம் எடுத்துக் கொள்ளும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. உரிமையை விற்றுவிட்டாலும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லிக் கொள்ளும் உரிமை உங்களை விட்டுப் போகாது. சட்டத்தின் 57-வது பிரிவு அது.

7. குழந்தையின் படிப்புக்காக, நம் சொந்த உபயோகத்துக்காகப் புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை நியாயமான அளவில் பிரதி எடுத்துக் கொள்வது குற்றமில்லை. வீணாகப் பயப்பட வேண்டாம்.

ஒரு வரி

ஆறாவதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. கோர்ட், வக்கீல் என்றெல்லாம் போகவில்லை. அந்த மலரைப் போட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபமாக இல்லை, நடந்ததை நடந்தபடி. கூடவே பால் நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் ‘அரை லிட்டர், பாக்கி இல்லை’ என்று தேதியோடு கணக்கு, எதிர்ப்பக்கம் மீன்குஞ்சு. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்!

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது. ஊரில் சுற்றிக் கொண்டிருந்த கதை, யாருடையது என்று தெரியாமல் போட்டுவிட்டோம், வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த மலரில் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. கதையின் பெயர், எழுதியவர் என்று என் பெயர், அவலாஞ்சி. பையன் அதைக் கத்தரித்துப் பால் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். இவரும் கண்ணாடி போட்டுக் கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்குக் காபியை அவரே போட்டுக் கொண்டு வந்தார்.

இதோடு முடித்திருந்தால் நானும் சந்தோஷமாகத் தூங்கியிருப்பேன். அன்று ராத்திரி பழைய பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டது. அதில் என் பெயரில் வெளியான சமையல் குறிப்பு, பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு. சட்டென்று நெஞ்சில் ஏதோ இடித்தது. அது என் குழம்பே இல்லை! பக்கத்து ஹட்டியில் இருக்கும் படுகர் அக்கா, என் மகள் பிறந்த சமயம் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்து, பிறகு பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தது. எந்தப் பதத்தில் இறக்குவது என்பதைக்கூட அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

சட்டப்படி அது குற்றமாகுமா ஆகாதா என்று மகளிடம் நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பத்திரிகையை எடுத்துக் கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கேரட் கழுவிக் கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கு எங்க அத்தை சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ! போ, போய் டீ குடி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கையைத் துடைத்துக் கொண்டு, “எங்கே, அந்தப் புத்தகத்தைக் காட்டு” என்று வாங்கிப் பார்த்தார். “அடுத்த தடவை எழுதினா எங்க அத்தை பேரும் போடு” என்றார், மெதுவாக.

போடுகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த குறிப்பு எழுதி அனுப்பியாகிவிட்டது. அதில் அக்காவின் பெயரும் இருக்கிறது, அவருடைய அத்தையின் பெயரும் இருக்கிறது. பிரதி ஒன்று, தேதியோடு, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.